கல்லூரி ஹெல்ப் டெஸ்க்கா, சர்வீஸ் கடையா, ஆன்லைன் இன்டர்ன்ஷிப்பா?

வண்டலூரில் கிரசென்ட், காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம்.; நடுவில் கூடுவாஞ்சேரி. இங்கே அறை எடுத்தும் வீட்டிலிருந்தும் படிக்கும் கணினி மாணவர்களுக்கு இரண்டாம் ஆண்டிலேயே ஒரு கவலை வந்துவிடுகிறது: ப்ளேஸ்மென்டுக்கு முன் எங்கே அனுபவம் பெறுவது? கைக்கு எட்டும் வழிகள் மூன்று.

கல்லூரி ஹெல்ப் டெஸ்க்

"வைஃபை வரல" என்று ஒருவர் வந்து நிற்பார். சொல்வது இரண்டே வார்த்தை. காரணம் பத்து இருக்கலாம். அவர் ஒருவருக்கு மட்டுமா, அந்தத் தளம் முழுவதுமா? போனில் வந்து லேப்டாப்பில் மட்டும் வரவில்லையா? ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், டிஹெச்சிபி சர்வரிடமிருந்து முகவரி வந்து சேரவில்லை என்று பொருள். முகவரி சரியாக இருந்தும் தளங்கள் திறக்காவிட்டால் டிஎன்எஸ் பக்கம் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் தாளில் மனப்பாடம் செய்த அடுக்குகள் அப்போதுதான் புரியத் தொடங்கும்.

இன்னும் இரண்டு பாடங்கள் இங்கே கிடைக்கும். முதலாவது, டிக்கெட் எழுதுவது. என்ன சிக்கல், என்னென்ன பார்த்தோம், எது சரிசெய்தது என்று நாலு வரி எழுதி வைத்தால், அடுத்த ஷிப்டில் வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. 1980களில் பிரிட்டன் அரசு உருவாக்கிய ஐடிஐஎல் நடைமுறையும் இந்தப் பதிவை வலியுறுத்துகிறது. பெரிய ஐடி நிறுவனங்களின் சப்போர்ட் பிரிவுகள் அந்த வழியில்தான் இயங்குகின்றன. இரண்டாவது, பொறுப்பு. பேராசிரியரின் மெயிலும் சக மாணவரின் கணக்கும் உங்கள் கண்முன் திறந்திருக்கும். பாஸ்வேர்டைக் கேட்காமல், தேவையில்லாத கோப்பைத் திறக்காமல் வேலையை முடிக்கும் பழக்கத்தை எந்தத் தேர்வும் கற்றுத் தராது.

குறையும் உண்டு. பல கல்லூரிகள் இந்த வேலைக்கு மாணவர்களை அழைப்பதில்லை. துறைத்தலைவர் மூலம் கணினி மையத்தில் நாமே கேட்க வேண்டும். சம்பளம் இல்லாமலும் போகலாம். பிரிண்டருக்குப் பேப்பர் வைப்பதோடு வேலை நின்றுவிட்டால் ஒரு செமஸ்டருக்கு மேல் இருக்காதீர்கள்.

லேப்டாப் சர்வீஸ் கடை

ஹார்டுவேரில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளி இல்லை. ரேம், எஸ்எஸ்டி மாற்றுவது, தெர்மல் பேஸ்ட் போடுவது, மல்டிமீட்டர் பிடித்து போர்டில் ஷார்ட் தேடுவது எல்லாம் கைப்பழக்கத்தில் வரும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியபின், பழைய லேப்டாப்பை என்ன செய்வது என்ற கேள்வியோடும் ஆட்கள் வருகிறார்கள். ஆனால் ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்தும் நெட்வொர்க்கை இங்கே பார்க்க முடியாது. மாலை நேரம் முழுவதையும் கடையே எடுத்துக்கொள்ளும்.

ஆன்லைன் இன்டர்ன்ஷிப்

கோடிங் வேலையே இலக்கு என்றால் இது பொருந்தும். ஒரு நிபந்தனை, நீங்கள் எழுதும் கோடை அனுபவசாலி ஒருவர் படித்துத் திருத்த வேண்டும். பணம் கட்டினால் சான்றிதழ் என்பவர்களிடம் போகாதீர்கள். படிப்புத்தான் தேவை என்றால் 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டமும், என்பிடெல் பாடங்களும் இருக்கின்றன. பட்டம் முடித்த பிறகு, தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் மூலம் உதவித்தொகையுடன் ஓராண்டுப் பயிற்சிக்கும் போகலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

நெட்வொர்க், கிளவுட், செக்யூரிட்டி பக்கம் போக நினைப்பவர்களுக்கும், இன்னும் எதையும் முடிவு செய்யாதவர்களுக்கும் ஹெல்ப் டெஸ்க்கையே முதலில் சொல்வேன். போர்டு, சிப் என்று மனம் போனால் கடை. கிட்ஹப்பில் ஏற்கெனவே சொந்த வேலை வைத்திருப்பவர் இன்டர்ன்ஷிப்புக்கே போகலாம்.

சேருமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எனக்குச் சொல்லித்தர ஒருவர் இருப்பாரா? இன்டர்னல் தேர்வு வாரத்தில் விடுப்பு உண்டா? சிக்கலை முதலில் நான் ஆராய விடுவீர்களா, எடுபிடி வேலை மட்டும்தானா? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வரும் இடத்தில் சேருங்கள். சிக்கலோடு வந்தவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டு, காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கி உண்மையானதைப் பிடிக்கும் திறமை அங்கேதான் வளரும். எந்த இன்டர்வியூவிலும் நம்பிக்கையோடு எடுத்துச் சொல்லக்கூடிய அனுபவம் அதுவே.