புண் ஏன் ‘பழுக்கிறது’?

கேள்வி: காலில் முள் குத்திய இடம் வீங்கியபோது எங்கள் அம்மாயி, “புண்ணு பழுத்துருச்சு, உள்ள சீ வச்சிருக்குது” என்றார். ஆஸ்பத்திரியில் நர்ஸ், “செப்டிக் ஆயிருச்சு” என்றார். நர்சிங் படிக்கும் மகள் அதையே ‘பஸ்’ என்கிறாள். ‘தமிழ்ப் புண்தான் ஆங்கிலத்தில் பஸ் ஆனது’ என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியையும் காட்டினாள். அது உண்மையா? நல்ல மாம்பழத்துக்குச் சொல்லும் சொல்லைக் கெட்டுப்போன புண்ணுக்கு ஏன் சொல்கிறோம்?
(ராசிபுரம் வாசகி)

பதில்: ஒரே ஒரு முள், அதற்குள் இத்தனை சொற்கள்! உங்கள் வீட்டில் காது கொடுத்துக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிகிறது. வாட்ஸ்அப் செய்தியை முதலில் பார்த்துவிடுவோம்.

அது உண்மை இல்லை. இரண்டும் உதட்டில் பிறக்கும் ஒலியில் தொடங்குகின்றன, இரண்டும் காயத்தைப் பற்றியவை. ஏமாறுவதற்கு அது போதும். ஆனால் சொற்பிறப்பியல், அதாவது ஒரு சொல் எங்கிருந்து கிளைத்தது என்று பார்க்கும் துறை, முகச்சாயலை மட்டும் வைத்து உறவு சொல்லாது, பங்காளிகளையும் விசாரிக்கும். ‘புண்’ணின் பங்காளிகள் தெலுங்கில் ‘புண்டு’, மலையாளத்தில் ‘புண்ணு’, கன்னடத்தில் ‘ஹுண்ணு’. (பால் ‘ஹாலு’வாகவும் பழம் ‘ஹண்ணு’வாகவும் ஆன அதே கன்னட வழக்கம்தான் இங்கும்.) நான்கிலும் ‘ண்’ என்ற மூக்கொலி அசையாமல் நிற்கிறது. அது வேரின் பகுதி.

‘பஸ்’ஸின் பங்காளிகள் வேறு. லத்தீனில் ‘பூஸ்’, சமஸ்கிருதத்தில் ‘பூய’. இரண்டுக்கும் பொருள் சீழ். இவற்றில் வேர் ‘பூ’ மட்டுமே. பின்னால் வரும் எழுத்து மொழிக்கு மொழி மாறும் வால். லத்தீனிலும் சமஸ்கிருதத்திலும் ‘ப’ இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தின் சொந்தச் சொற்களில் ‘ஃப’ வரும். சமஸ்கிருத ‘பிதா’ அங்கே ‘ஃபாதர்’. 1822இல் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் ஒழுங்குபடுத்திச் சொன்ன விதி இது. அந்த விதிப்படி ‘பூ’ என்னும் வேர் ஆங்கிலத்தில் என்ன ஆயிற்று தெரியுமா? ‘ஃபவுல்’. கபடி ஆட்டத்தில் நடுவர் சொல்கிறாரே, அதே சொல். அதன் முதற்பொருள் அழுகி நாறுவது. ‘பஸ்’ பிற்காலத்தில் லத்தீனிலிருந்து கடன் வாங்கியது. ‘ஃபவுல்’ பரம்பரைச் சொத்து.

இனி உங்கள் அம்மாயியின் ‘சீ’. ‘சீழ்’ என்பதைக் கிராமத்தார் சிதைத்துச் சொல்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ‘சீ’ என்றாலே சீழ்தான். அகராதியில் தனிச் சொல்லாகவே இருக்கிறது. பர்ரோவும் எமனோவும் தொகுத்து 1961இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி, தென்னக மொழிகளின் இத்தகைய உறவுகளை வரிசையாகத் தருகிறது. ஆனால் இந்தச் சொல்லின் உறவைப் பார்க்க நீங்கள் ஆக்ஸ்ஃபோர்டு வரை போக வேண்டாம். சேலத்துக் கடைவீதியில் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாகப் பேசுகிறவர்களிடம் கேளுங்கள். தெலுங்குக்காரர் ‘சீமு’ என்பார், கன்னடக்காரர் ‘கீவு’ என்பார். இகர, ஈகார, எகர, ஏகார ஒலிகளுக்கு முன் கன்னடம் பழைய ‘க’வைக் காப்பாற்றி வைத்திருக்கிறது, தமிழும் தெலுங்கும் அதைச் ‘ச’வாக்கிவிட்டன. நம் செவி அவர்களுக்குக் ‘கிவி’, நம் சேரி அவர்களுக்குக் ‘கேரி’. மலையாளத்தில் இதே வேர் ‘சீயுக’ என்று வினையாகி, அழுகுவது எதையும் குறிக்கிறது.

அருவருப்பில் சொல்லும் ‘சீ!’யும் இதுதானோ என்று அடுத்துக் கேட்பீர்கள். எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் சீழைக் ‘கீவு’ என்கிற கன்னடக்காரரும் அருவருப்பு வந்தால் ‘சீ’ என்றுதான் சொல்கிறார், இந்திக்காரரும் அப்படியே. ஆகவே இரண்டும் வேறு வேறு.

பழுப்பதற்கு வருகிறேன். இது பழத்திலிருந்து புண்ணுக்கு வந்த உவமை என்று எண்ணுவது இயல்பு. ஆனால் ‘பழு’ என்னும் வினை பழத்துக்கு மட்டும் சொந்தமானதல்ல. இலை பழுக்கிறது, கிழவர் பழுத்துப்போகிறார், நாமக்கல் லாரிப் பட்டறையில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சுகிறார்கள். முற்றி, நிறம் மாறி, உச்ச நிலைக்கு வந்துவிட்டது என்பதே அதன் பொருள். ‘நல்லதாயிற்று’ என்ற பொருளை அதில் ஏற்றியவை மாம்பழங்கள்தான்.

கட்டியில் நடப்பதும் அதுவே. முதலில் சிவந்து, கல் மாதிரி இருக்கும். கிருமியோடு சண்டையிட வெள்ளை அணுக்கள் வந்து குவியும். அவற்றில் நியூட்ரோஃபில் என்ற வகை, அதாவது கிருமியை விழுங்கும் முன்வரிசைக் காவலர்கள், ஏராளமாக மடியும். மடிந்த அணுக்களும் செத்த கிருமிகளும் கரைந்த சதையும் சேர்ந்ததே சீழ். சுற்றிலும் உடல் ஒரு வேலி கட்டும். நடுப்பகுதி மெத்தென்று ஆகி, மஞ்சளாகி, உடைந்து வெளியேறியதும் வலி இறங்கும். கெட்டி, பிறகு மெத்து. சிவப்பு, பிறகு மஞ்சள். சேலத்து மாங்காயைத் தினமும் அமுக்கிப் பார்த்த விரல், கட்டியை அமுக்கியபோது வேறு என்ன சொல்லும்?

தமிழ் விரல் மட்டுமல்ல. மலையாளத்தில் சீழுக்கே ‘பழுப்பு’ என்றுதான் பெயர். நாமக்கல் கோழிப்பண்ணையில் வேலை பார்க்கும் வடமாநிலத் தொழிலாளி, கட்டி ‘பக் கயா’ என்பார். பழம் பழுத்தாலும் சோறு வெந்தாலும் அவருக்கு அதே வினை. பண்டைய வைத்தியர் சுசுருதரின் நூல் வீக்கத்தை மூன்று நிலையாகப் பிரிக்கிறது: ஆமம் (அதாவது பச்சை), பழுத்துக்கொண்டிருப்பது, பக்குவம். பச்சையில் கத்தி வைக்கக் கூடாது, பக்குவமானதை வைத்திருக்கக் கூடாது என்பது அதன் கண்டிப்பு. நம் சமையலறையில் புழங்கும் ‘பக்குவம்’ அந்தச் சொல்தான். கிரேக்க வைத்தியர்களும் ‘பெப்சிஸ்’ என்ற ஒரே சொல்லால் பழுப்பதையும் வேவதையும் செரிப்பதையும் குறித்தார்கள். கிரேக்கமும் சமஸ்கிருதமும் உறவுமொழிகள்; அந்த இரண்டு சொற்களும் ஒரே வேரில் பிறந்தவை. ஆனால் தமிழின் ‘பழு’ அந்தக் குடும்பமே அல்ல. இரத்த உறவில்லாத இரண்டு மொழிக் குடும்பங்கள் தனித்தனியே ஒரே உருவகத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ‘புண்–பஸ்’ கற்பனையைவிட எனக்கு இந்த உண்மைதான் பெரிய வியப்பு.

பழுப்பது நல்லது என்ற நம்பிக்கையும் இதோடு சேர்ந்தே வந்தது. ஐரோப்பிய அறுவை மருத்துவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் கெட்டியான வெண்சீழை ‘மெச்சத்தக்க சீழ்’ என்றே அழைத்தார்கள். அதில் பாதி உண்மை உண்டு. கெட்டிச் சீழ் என்றால் உடல் வேலி கட்டிவிட்டது; நீர்த்துப் பரவும் கசிவுதான் அன்று ஆளைக் கொன்றது. ஆனால் இரண்டுமே வராமல் தடுக்கலாம் என்று 1867இல் அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் காட்டினார். கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் காயத்தைக் கட்டி, கிருமியை அண்ட விடாமல் செய்தார். தன் முறைக்கு ‘ஆன்டிசெப்டிக்’ என்று பெயர் வைத்தார். அழுகலுக்கு எதிரானது என்று பொருள்.

உங்கள் நர்ஸ் சொன்ன ‘செப்டிக்’கும் அதே வேரிலிருந்து வந்ததுதான். கிரேக்கத்தில் ‘செப்சிஸ்’ என்றால் அழுகல். 1890களில் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் கழிவை அழுக வைத்துக் கரைக்கும் தொட்டி கட்டியபோது அதற்கும் இதே பெயரை வைத்தார்கள். ஆக, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் செப்டிக் டேங்க்கும் காலில் இருக்கும் செப்டிக்கும் ஒரே சொல்.

தமிழ் அப்படிக் கலக்காது. சோறு ஊசும், மரம் உளுக்கும், கயிறு இற்றுப்போகும், எரு மக்கும், கத்தரிக்காய் சொத்தையாகும், நாமக்கல் முட்டை கூமுட்டையாகும். புண்ணிலும் பழுப்பது வேறு, அழுகுவது வேறு. பழுத்த கட்டியில் உடல் இன்னும் போராடிக்கொண்டிருக்கிறது. அழுகியதில் இரத்தம் வராமல் சதையே செத்துவிட்டது. மருத்துவர்கள் அதைக் ‘காங்கரின்’ என்கிறார்கள். ‘செப்டிக்’ என்று பொதுவாகச் சொன்னால் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது.

அம்மாயிக்குச் சர்க்கரை இருந்தால் அவர் பாதத்தைத் தினமும் பாருங்கள். சிறு புண்ணானாலும் கையால் பிதுக்காதீர்கள், பத்துப் போட்டு நாள் கடத்தாதீர்கள். மருத்துவரிடம் போகும்போது, பழுத்திருக்கிறதா, அழுகியிருக்கிறதா, கறுத்திருக்கிறதா என்று அம்மாயி பார்த்ததை அவர் சொல்லாலேயே சொல்லுங்கள். கறுத்திருந்தால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே கிளம்பிவிடுங்கள்.