சரக்கு வண்டியின் கண்ணாடி வாஷர்: நாமே பழுது பார்ப்பது எப்படி?



கணக்கு, எடை, இருப்பு என்று எவ்வளவோ பேசுகிறோம். கடை வாசலில் நிற்கும் சரக்கு வண்டியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. வண்டி ஓடுகிறதா, ஓடட்டும் என்று விட்டுவிடுகிறோம். ஆகவே இம்முறை வண்டியில் உள்ள ஒரு சின்னச் சாமானைப் பற்றி எழுதுகிறேன். நான் மெக்கானிக் அல்ல. பள்ளிப் படிப்போடு கடையில் உட்கார்ந்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக விருதுநகரில் பருப்பு மொத்த வியாபாரம் செய்பவன். பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முன் கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சும் அமைப்புக்கு வாஷர் என்று பெயர். போல்ட்டுக்கு அடியில் போடும் வளையத்துக்கும் இதே பெயர்தான், அதுவல்ல இது. வைப்பர் கண்ணாடியைத் துடைக்கும். துடைப்பதற்கு முன் தண்ணீர் தெளித்துக் கொடுப்பது வாஷர்.

நடந்தது என்ன?

எங்களிடம் 2008ஆம் ஆண்டு வாங்கிய பிக்கப் வண்டி ஒன்று உள்ளது. அதில் வாஷர் வேலை செய்யவில்லை. டிரைவர் தம்பி மூன்று முறை சொன்னார். "அண்ணாச்சி, கண்ணாடிக்குத் தண்ணி அடிக்க மாட்டேங்குது, ஒரு நாள் ஒர்க்ஷாப்பிலே விட்டு எடுத்திருவோம்" என்றார். ஒரு ஒர்க்ஷாப்பில் கேட்டதற்கு, டப்பா, மோட்டார் எல்லாம் செட்டாக மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள். "தண்ணி அடிக்காட்டா வண்டி ஓடாதா? சீசன் முடியட்டும் தம்பி" என்று நான் தள்ளிப் போட்டேன்.

2022ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். அதிகாலை 5 மணிக்கு 22 மூடை துவரம் பருப்பும் உளுந்தும் ஏற்றிக்கொண்டு ராஜபாளையம் புறப்பட்டோம். வசூலுக்காக நானும் உடன் போனேன். சிவகாசி தாண்டியதும் தூறல். கனத்த மழை என்றால் கண்ணாடியைக் கழுவிவிடும், தூறல் கழுவாது. முன்னால் போன டிப்பர் லாரி சாலையோரத்துக் கரிசல் சேற்றை வாரி எங்கள் கண்ணாடியில் அடித்தது. தம்பி வைப்பரைப் போட்டார். சேறு கண்ணாடி முழுவதும் சாந்து பூசியது போல் பரவியது. முன்னால் ஒன்றும் தெரியவில்லை. பிரேக்கை அழுத்தி, ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்து ஓரம் கட்டினார். அந்த ஓரத்தில் ஒரு பால்காரர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். வண்டியின் பக்கப் பலகை கேனில் உரசியது. பால் முழுவதும் ரோட்டில் கொட்டியது. ஆள் சைக்கிளோடு சாய்ந்து, கையை ஊன்றி எழுந்துவிட்டார். ஒரு முழம் தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?" என்று பால்காரர் கேட்டார். பாலுக்குப் பணம் கொடுத்தேன். கேள்விக்குப் பதில் கொடுக்க முடியவில்லை. டிரைவரைத் திட்ட வாய் வந்தது. ஆனால் மூன்று முறை சொன்னவர் அவர். மூன்று முறையும் தள்ளிப் போட்டவன் நான். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் ஓடும். மூன்று விநாடி கண் மறைந்தால் 50 மீட்டர் தூரம் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம்.

மறுநாள் கடை விடுமுறை. நானும் தம்பியும் பானெட்டைத் திறந்து பார்த்தோம். மோட்டார் நன்றாகவே இருந்தது. டியூபை எலி கடித்திருந்தது. நாசிலின் துளை உப்புப் படிந்து அடைத்திருந்தது. புது டியூபுக்கும் இணைப்புக்கும் சேர்த்து 60 ரூபாய் ஆயிற்று. ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது.

அமைப்பு எப்படி?

கண்ணாடி துடைக்கும் வைப்பருக்கு 1903ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி காப்புரிமை பெற்றார். அன்று அதை உள்ளிருந்து கையால் இயக்க வேண்டும். இன்று எல்லாமே மின்சாரம். வாஷரில் உள்ளவை ஐந்தே: தண்ணீர் டப்பா, அதன் அடியில் செருகிய சிறு மோட்டார் பம்பு, டியூப், கண்ணாடிக்குக் கீழே உள்ள நாசில், ஸ்டீயரிங் அருகே சுவிட்ச். நடுவில் ஒரு பியூஸ். இவற்றில் எது கெட்டது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. கண்டுபிடிக்காமல் எல்லாவற்றையும் மாற்றுவது, ஒரு மூடையில் வண்டு விழுந்ததற்குக் கோடவுனையே காலி செய்வது போன்றது.

ஒரு எச்சரிக்கை. பானெட்டுக்குள் ஒரே மாதிரி இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்கள் இருக்கும். ஒன்று ரேடியேட்டருக்கு உரியது. வாஷர் டப்பாவின் மூடியில் கண்ணாடி மேல் நீர் பீய்ச்சும் படம் இருக்கும். மாற்றி ஊற்றிவிடக் கூடாது. இஞ்சின் ஆறிய பிறகு, ஹாண்ட் பிரேக் போட்டு வேலையைத் தொடங்குங்கள்.

முதல் சோதனை: சத்தம்

டப்பாவில் தண்ணீர் ஊற்றிச் சிறிது நேரம் பாருங்கள். கீழே சொட்டினால் டப்பாவில் விரிசல், அல்லது மோட்டார் செருகிய இடத்து ரப்பர் புஷ் தளர்ந்திருக்கிறது. சொட்டவில்லை என்றால், இஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு ஒருவர் சுவிட்சை இயக்கட்டும். மற்றவர் டப்பா பக்கம் காதை வைத்துக் கேட்கட்டும். 'டர்ர்' என்று சத்தம் கேட்டால் மின்சாரம் வருகிறது, மோட்டார் சுற்றுகிறது. கோளாறு தண்ணீர் போகும் வழியில். சத்தமே இல்லை என்றால் கோளாறு மின்சார வழியில். பாதி வேலை இத்துடன் முடிந்தது.

சத்தம் கேட்கிறது, தண்ணீர் வரவில்லை

நாசிலுக்குப் போகும் டியூபைக் கழற்றிவிட்டு சுவிட்சை இயக்குங்கள். டியூபில் தண்ணீர் வந்தால் நாசில் அடைப்பு. வராவிட்டால் டியூப் இரண்டாகப் பிரியும் 'டி' இணைப்பில் கழற்றிப் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் மோட்டார் வாயில் பாருங்கள். எந்த இடத்தில் தண்ணீர் வந்து, எந்த இடத்தில் வரவில்லையோ, அந்த இரண்டுக்கும் நடுவில்தான் கோளாறு. சில வண்டிகளில் டியூபின் நடுவே தண்ணீர் பின்னோக்கித் திரும்பாமல் தடுக்கும் சிறு வால்வு இருக்கும், அதுவும் அடைக்கும். அதில் போட்டிருக்கும் அம்புக்குறி நாசிலைப் பார்த்து இருக்க வேண்டும்.

நாசில் அடைப்புக்கு மெல்லிய தையல் ஊசி போதும். டியூபைக் கழற்றிய பிறகே குத்த வேண்டும். இல்லாவிட்டால் அழுக்கு உள்ளே போய் மறுபடி அடைக்கும். தடித்த ஊசியால் குத்தித் துளை பெரிதானால், தண்ணீர் பீய்ச்சாமல் வழியும். நம் பகுதி போர் தண்ணீர் உப்புப் படிவு இருந்தால், நாசிலைக் கழற்றி நம் கடை வினிகரில் அரை மணி நேரம் ஊறப் போட்டு, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கரைந்துவிடும்.

டியூபில் மடிப்பு, வெடிப்பு, எலிக் கடி இருக்கிறதா என்று முழு நீளமும் விரலால் தடவிப் பாருங்கள். கடிபட்ட துண்டை வெட்டிவிட்டு, சிறு இணைப்பு வைத்துச் சேர்க்கலாம். பழைய டியூப் விறைத்துப் போயிருந்தால் முழுவதும் மாற்றுவதே மேல். பழையதில் ஒரு துண்டை எடுத்துப் போய் அதே அளவு வாங்குங்கள். முனையைச் சுடுநீரில் நனைத்தால் சுலபமாக ஏறும். சைலன்சர் குழாய், ரேடியேட்டர் பேன் பக்கம் டியூப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் வண்டிகளுக்கு எலி ஏன் வருகிறது? கேபினில் சிந்திய பருப்பும் அரிசியும்தான் காரணம். வாரம் ஒரு முறை பெருக்கினால் டியூபும் மிஞ்சும், ஒயரும் மிஞ்சும்.

மோட்டார் வாயிலேயே தண்ணீர் வராவிட்டால் டப்பாவின் அடியில் பாசியும் வண்டலும் சேர்ந்து சல்லடை அடைத்திருக்கும். டப்பாவைக் கழற்றிக் குலுக்கிக் கழுவுங்கள். அதன் பிறகும் வராவிட்டால் மோட்டாருக்குள் இருக்கும் விசிறி உடைந்திருக்கலாம். மோட்டாரை மாற்ற வேண்டியதுதான்.

சத்தமே கேட்கவில்லை

முதலில் பியூஸ். எந்தப் பியூஸ் எதற்கு என்று பெட்டி மூடியிலோ வண்டிப் புத்தகத்திலோ இருக்கும். போன பியூசுக்குப் பதில் அதே ஆம்பியர் பியூஸ்தான் போட வேண்டும். ஒயர் முறுக்கிப் போடுவது, சிகரெட் பெட்டித் தாள் சுற்றிப் போடுவது வேண்டவே வேண்டாம். ஒயர் சூடேறி வண்டியே தீப்பிடிக்கும். புதுப் பியூசும் உடனே போனால் எங்கோ ஒயர் உரசுகிறது, எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

பியூஸ் சரியென்றால் மோட்டாரில் செருகிய சாக்கெட்டைப் பிடுங்குங்கள். பின்னில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேயுங்கள். பல வண்டிகள் இத்துடன் சரியாகிவிடும். ஆகாவிட்டால் 12 வோல்ட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் கட்டி, சாக்கெட்டின் இரு முனைகளிலும் தொடுங்கள். ஒருவர் சுவிட்சை இயக்கட்டும். பல்பு எரிந்தால் மின்சாரம் வருகிறது, மோட்டார்தான் போய்விட்டது. எரியாவிட்டால் சுவிட்ச் அல்லது ஒயர் கோளாறு. அது எலெக்ட்ரீஷியன் வேலை.

மோட்டார் மாற்றுவது கடினமல்ல. டப்பாவைக் காலி செய்து, மோட்டாரை மெல்ல ஆட்டி இழுத்தால் வந்துவிடும். பழையதைக் கையில் கொண்டு போய் அதே மாதிரி வாங்குங்கள். ரப்பர் புஷ்ஷையும் புதிதாகப் போடுங்கள். அதில் தண்ணீர் தடவிச் செருகினால் போதும். கிரீஸ், ஆயில் தடவினால் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும்.

முடித்த பின்

தண்ணீர் டிரைவரின் பார்வைக்கு நேரே, கண்ணாடியின் நடுவுக்குச் சற்று மேலே விழ வேண்டும். வேகமாகப் போகும்போது காற்று அதைக் கீழே தள்ளும். உருண்டையாகச் சுழலும் நாசிலாக இருந்தால் ஊசி முனையால் திருப்பிக்கொள்ளலாம். வைப்பர் ரப்பர் தேய்ந்திருந்தால் எவ்வளவு தண்ணீர் அடித்தும் பயனில்லை. ஐப்பசி மழைக்கு முன் மாற்றிவிடுங்கள். உலர்ந்த தூசியில் வைப்பரைப் போட்டால் கண்ணாடியில் கீறல் விழும். இரவில் எதிர் விளக்குப் பட்டால் அந்தக் கீறல் கண்ணைக் கூசும். டப்பா காலியாக இருக்கும்போது சுவிட்சை அழுத்திக்கொண்டே இருந்தால் மோட்டார் கருகிவிடும்.

போர் தண்ணீரைத் தவிர்த்து, வடிகட்டிய நீரோ மழை நீரோ ஊற்றுங்கள். அத்துடன் கடையில் விற்கும் வாஷர் திரவத்தை, பாட்டிலில் சொன்ன அளவு கலக்கலாம். சோப்புத் தூள் போட்டால் நுரை தள்ளி, படிந்து, நாசிலை அடைக்கும். மண்ணெண்ணெய் ரப்பரைத் தின்னும். ஊட்டி, கொடைக்கானல் லைன் போகிறவர்கள் உறைபனிக் காலத்தில் வெறும் தண்ணீர் வைக்காமல், உறையாத வகைத் திரவம் வாங்கி ஊற்ற வேண்டும்.

பலசரக்கு வியாபாரிகளுக்கு முக்கியமாக ஒன்று. வாஷர் திரவத்தில் சில வகைகள் விஷம். மிச்சத்தைக் கலர் பாட்டிலிலோ எண்ணெய் டின்னிலோ ஊற்றிச் சரக்கோடு வைக்காதீர்கள். நீல நிறத்தைப் பார்த்துக் குழந்தை குடித்துவிடும். அதன் சொந்த பாட்டிலில், பெயரோடு, சரக்கில்லாத இடத்தில் வையுங்கள்.

எங்கள் கடையில் இன்று

ராஜபாளையம் பயணத்துக்குப் பிறகு கல்லாவில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறோம். வண்டியில் எந்தக் குறை கண்டாலும் டிரைவர் தேதி போட்டு எழுதுவார். நான் படித்துக் கையெழுத்துப் போடுவேன். வேலை முடிந்த தேதியை அவரே எழுதி வரியை அடிப்பார். சனிக்கிழமை வசூல் பாக்கி பார்க்கும்போது இந்த நோட்டையும் பார்க்கிறேன். அடிக்காத வரி இருந்தால் அது என் பெயரில் உள்ள பாக்கி. நமக்கு வர வேண்டிய பாக்கியை எவ்வளவு கண்டிப்பாகக் கேட்கிறோம்! நம்மிடம் வேலை செய்பவர் கேட்கும் பாக்கியை மட்டும் சீசன் முடியட்டும் என்கிறோம்.

இந்த இதழைப் படித்து முடித்ததும், அன்பர்கள் தங்கள் வண்டியில் ஏறி வாஷர் சுவிட்சை ஒரு முறை இயக்கிப் பாருங்கள். தண்ணீர் அடித்தால் மகிழ்ச்சி. அடிக்காவிட்டால், டிரைவரைக் கூப்பிட்டு, "எத்தனை நாளாகத் தம்பி இப்படி?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலுக்குக் கோபப்படாதீர்கள்.