சிவிகை தாங்கிய நாவரசர்

திருக்கோயிலுக்குள் நுழையும் அன்பர்கள் கொடிமரத்தின் அருகே பலிபீடத்தைக் காண்கின்றனர். பெரும்பாலோர் பார்த்தபடியே கடந்து செல்கின்றனர். அங்கே பலியிட வேண்டியது 'நான்' என்னும் செருக்கே என்பது ஆன்றோர் கூறும் பொருளாகும். மன அமைதியை நாடித்தான் சந்நிதிக்கு வருகிறோம். ஆயினும், வரிசையில் ஒருவர் நம்மை முந்திவிட்டால் உள்ளம் கொதிக்கிறது. 'நான் யார் தெரியுமா?' என்னும் வினா நாவில் எழாவிடினும் நெஞ்சில் எழுகிறது. பிறகு கருவறை முன் நின்றாலும் கண் இறைவனிடத்தும் மனம் அந்த மனிதரிடத்துமாக நிற்கிறோம்.

ஆணவம், கன்மம், மாயை என உயிரைப் பற்றிய மலங்கள் மூன்று என்று சைவ சித்தாந்தம் கூறும். அவற்றுள் ஆணவம் செம்பிற் களிம்புபோல உயிருடன் என்றும் உள்ளது. இடையில் வந்து ஒட்டியதன்று. ஆதலின், ஒரு நாள் உறுதி பூண்டு அதனை உதறிவிட இயலாது. 'நான் செருக்கை விட்டுவிட்டேன்' என்று சொல்லும்போதே அச்சொல்லின் முதலில் 'நான்' நிற்கிறதன்றோ!

அது எவ்வாறு தளரும் என்பதைத் திருநாவுக்கரசர் வரலாற்றில் சேக்கிழார் பெருமான் காட்டுகின்றார். தஞ்சை மாவட்டத்தில் திருவையாற்றுக்கு அருகிலுள்ள திருப்பூந்துருத்தியில் நாவரசர் திருமடம் அமைத்துத் தொண்டு புரிந்து வந்தார். பல்லவ மன்னனே வந்து பணிந்த பெருமை உடையவர், வயதிலும் மூத்தவர். பாண்டிநாட்டிலிருந்து திரும்பிய திருஞானசம்பந்தர் தம்மைக் காண வருகின்றார் எனக் கேட்டு எதிர்கொள்ளச் சென்றார். சம்பந்தரோ இளம்பிள்ளை, இறைவன் அருளிய முத்துச்சிவிகையில் அடியார் கூட்டம் சூழ வருகின்றார். நாவரசர் தம்மை எவரும் அறியாதவாறு கூட்டத்துள் புகுந்து, சிவிகை தாங்குவாருள் ஒருவராகத் தோள் கொடுத்தார். பூந்துருத்தியை அணுகியதும் அப்பர் எங்குள்ளார் எனச் சம்பந்தர் வினவ, சிவிகையைத் தாங்கிவரும் பேறு பெற்று இங்கே இருக்கிறேன் என்று கீழிருந்து விடை வந்தது. சம்பந்தர் பதைத்து இறங்கி அவரை வணங்க முற்பட, அதற்கு முன்பே நாவரசர் அவரை வணங்கினார்.

இவ்வரலாற்றைப் பணிவுக்குச் சான்றாகப் பலரும் கூறுவர். அடியேன் மனத்தில் நிற்பது வேறொன்று. சம்பந்தர் வினவாதிருந்தால், சுமந்தவர் யார் என்பது எவருக்கும் தெரியாமலே போயிருக்கும். அதற்கும் அவர் உடன்பட்டே தோள் கொடுத்தார். தோளில் சுமை இருந்தது. 'யார் கண்டார், யார் மதித்தார்' என்னும் சுமை நெஞ்சில் இல்லை.

அலுவலகத்தில் நம்மினும் இளையவர் நமக்கு மேலாக அமரும்போதும், வீட்டில் நாம் செய்த வேலைக்குப் பிறர் பெயர் பெறும்போதும் உறக்கம் கெடுகின்றது. வேலையின் களைப்பு ஓர் இரவில் தீர்ந்துவிடும். மதிக்கப்படாத குறை ஆண்டுக்கணக்கில் நம்மை வாட்டும். (உரிய ஊதியத்தையும் நீதியையும் கேட்டுப் பெறுவது செருக்கன்று, பணிவின் பெயரால் எவரையும் ஒடுக்குதலும் அறமன்று.)

நாவரசருக்கு இந்நிலை சிவிகையருகே திடீரென வாய்த்ததன்று. திருக்கோயில் தோறும் உழவாரப்படை கொண்டு புல் செதுக்கிய கை அது. திருப்புகலூரில் அவர் பணி செய்த இடமெங்கும் பொன்னும் நவமணியும் தோன்றியபோது, அவற்றையும் பருக்கைக் கற்களோடு ஒன்றாகவே கருதி உழவாரத்தில் ஏந்திக் குளத்தில் எறிந்தார் என்கிறது பெரிய புராணம்.

இன்றும் பல திருக்கோயில்களில் விடுமுறை நாள்களில் உழவாரப்பணி நடைபெறுகின்றது. அதிகாரியும் கூலித் தொழிலாளியும் மாணவரும் அருகருகே குனிந்து பிராகாரத்துப் புல்லைச் செதுக்குகின்றனர். யார் செதுக்கிய இடம் எது என்று பின்னர் எவராலும் கூற இயலாது. அடுத்த மழைக்குப் புல் மீண்டும் முளைக்கின்றது. அவர்களும் மீண்டும் வருகின்றனர்.