தேனீப் பெட்டியினுள் ஈரப்பதனும் நீராவி ஒடுங்கலும்



மழை இல்லாத குளிர் காலையிலும் லயத்துத் தகரக் கூரையின் உட்பக்கத்திலிருந்து நீர்த்துளி சொட்டுவதைக் கண்டிருப்பீர்கள். கூரையில் ஓட்டை இல்லை. அப்படியானால் நீர் எங்கிருந்து வந்தது? அடுப்பிலிருந்தும் எமது மூச்சிலிருந்தும் வெளியேறிய நீராவி, குளிர்ந்த தகரத்தில் பட்டுத் திரவமாகியது. இதுவே ஒடுங்கல். இதே நிகழ்வு தேனீப் பெட்டியினுள் நடந்தால் ஒரு கூட்டமே அழியலாம். எனவே இப்பாடத்தைப் பரீட்சைக்காக மட்டுமன்றி, வீட்டில் ஒரு பெட்டி வைத்துச் சிறு வருமானம் பெறவும் படியுங்கள்.

1. மஸ்கெலியாவின் நிலைமை

மஸ்கெலியா கடல் மட்டத்திலிருந்து 1,000 மீற்றருக்கு மேல், மவுசாக்கலை நீர்த்தேக்கத்தை அண்டி அமைந்துள்ளது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மழை கிடைக்கும். அக்காலத்தில் மூடுபனியும் சேர்வதால் வளியின் சாரீரப்பதன் உயர்வாக இருக்கும். பெட்டியின் வெளிப்புறம் குளிராக இருக்க, உள்ளே புழுக்கள் வளரும் அடைகளைத் தேனீக்கள் ஏறத்தாழ 34 – 35 பாகை செல்சியஸில் பேணுகின்றன. இவ்வெப்பநிலை வேறுபாடே ஒடுங்கலுக்குக் காரணம்.

2. பெட்டியினுள் நீர் வரும் வழிகள்

(அ) மலர்த்தேன்: மலர்த்தேனில் நீர் அதிகம், நன்கு முதிர்ந்த தேனில் ஏறத்தாழ 20 சதவீதமே நீர். 60 சதவீதம் நீருள்ள 2 கிலோகிராம் மலர்த்தேனிலிருந்து 1 கிலோகிராம் தேன் கிடைக்கும். மீதி 1 கிலோகிராம் நீர் ஆவியாகி வெளியேற வேண்டும். தேனீக்கள் சிறகை விசிறி இதைச் செய்கின்றன.

(ஆ) சுவாசம்: தேனீக்கள் பறப்புத் தசைகளை அதிரச் செய்து வெப்பம் பிறப்பிக்கின்றன. அப்போது,

குளுக்கோசு + ஒட்சிசன் → காபனீரொட்சைட்டு + நீர் + சக்தி

180 கிராம் குளுக்கோசு முற்றாக ஒட்சியேற்றப்படும்போது 108 கிராம் நீர் உண்டாகும்.

(இ) வெளியிலிருந்து: மழைச்சாரல், மூடுபனி, ஈர நிலம்.

3. கணித்துப் பார்ப்போம்

ஒரு கன மீற்றர் வளி கொள்ளக்கூடிய உச்ச நீராவி (ஏறத்தாழ):
35 பாகை செல்சியஸில் 40 கிராம்
25 பாகை செல்சியஸில் 23 கிராம்
15 பாகை செல்சியஸில் 13 கிராம்

35 பாகையில் 20 கிராம் நீராவி இருப்பின் சாரீரப்பதன் 50 சதவீதம். அவ்வளி 15 பாகைக்குக் குளிர்ந்த மூடியில் பட்டால் 13 கிராமையே கொள்ளும். எஞ்சிய 7 கிராம் நீராக ஒடுங்கும். ஆனால் மூடியின் உட்பக்கம் 25 பாகையில் இருந்தால் 23 கிராம் வரை கொள்ளலாம். எனவே ஒடுங்கல் நிகழாது. மூடியைக் குளிரவிடாமல் காப்பது ஏன் முக்கியம் என்பது இப்போது விளங்கும்.

4. விளைவுகள்

● மூடியிலிருந்து சொட்டும் நீரில் நனைந்த தேனீக்கள் வெப்பத்தை இழந்து இறக்கும்.
● ஓர அடைகளில் பூஞ்சணம் படரும்.
● தேனில் நீர் கூடினால் மதுவம் பெருகி நொதித்தல் நடைபெறும். நுரையும் புளிப்பு மணமும் தோன்றும். அத்தேன் விலைபோகாது.
● நிலைமை ஒவ்வாதபோது எமது நாட்டுத் தேனீயான எப்பிஸ் செரனா கூட்டமாகப் பெட்டியை விட்டு ஓடிவிடும்.

கவனிக்க: ஈரப்பதன் முற்றாக இல்லாமற் போவதும் தீங்கே. வளி மிக உலர்ந்தால் முட்டைகள் காய்ந்துவிடும். ஈரப்பதனை அகற்றுவது அல்ல, கட்டுப்படுத்துவதே எமது நோக்கம்.

5. முகாமைத்துவ முறைகள்

(1) பெட்டியை நிலத்தில் வைக்காது, கால்களுள்ள தாங்கியில் வைத்தல். எறும்பு ஏறாதிருக்க, கால்களை நீருள்ள தகரப் பேணிகளில் நிறுத்தலாம்.
(2) பெட்டியை முன்புறம் சற்றுச் சாய்த்து வைத்தல். உள்ளே சேரும் நீர் வாயில் வழியே வடியும்.
(3) வாயிலைக் கிழக்கு நோக்கி அமைத்தல். தென்மேல் காற்று நேரே புகாது. காலை வெயிலும் படும்.
(4) மேல்மூடிக்கும் உள்மூடிக்கும் இடையில் உலர்ந்த சாக்கு அல்லது வைக்கோல் இடுதல். இது வெப்பக் காவலியாகும். நனைந்தால் மாற்றவும்.
(5) உள்மூடியில் வலையிட்ட சிறு துளை அமைத்தல். ஈரவளி மெதுவாக வெளியேறும். பெரிய துளையிட்டால் வெப்பமும் போய்விடும்.
(6) மழைக்காலத்தில் வெற்றுத் தேன் அறையை அகற்றுதல். சிறு கூட்டத்தால் பெரிய இடத்தைச் சூடாக்க முடியாது.
(7) உணவு குறைந்தால் 2 பங்கு சீனிக்கு 1 பங்கு நீர் சேர்த்த தடித்த பாகு கொடுத்தல். நீர்த்த பாகு ஆவியாக்கவேண்டிய நீரைக் கூட்டும்.
(8) அடையின் அறைகளில் முக்காற் பங்காவது மெழுகால் மூடப்பட்ட பின்னரே தேன் எடுத்தல்.
(9) மழையிலும் மூடுபனியிலும் பெட்டியைத் திறவாதிருத்தல்.

எச்சரிக்கை: தேயிலை மலையில் மரத்திலும் பாறையிலும் தொங்கும் குளவிக்கூடு வேறு. அதனருகே செல்ல வேண்டாம். பெட்டியையும் அனுபவமுள்ள பெரியவர் ஒருவருடனேயே திறவுங்கள்.

6. மாணவர் விடும் தவறு

“குளிர்காலத்தில் எல்லாத் துளைகளையும் அடைக்க வேண்டும்” எனப் பலர் எழுதுகின்றனர். இது பிழை. அடைத்தால் நீராவி வெளியேற வழியில்லை, ஒடுங்கல் கூடும். “வாயிலைச் சிறிதாக்க வேண்டும், ஆனால் மூடக்கூடாது” என்பதே சரியான விடை.

7. மாதிரி வினா

மழைக்காலக் காலை ஒன்றில் மாணவன் ஒருவன் தனது தேனீப் பெட்டியின் உள்மூடியில் நீர்த்துளிகளையும், அடித்தட்டில் இறந்த தேனீக்களையும் கண்டான்.

(i) துளிகள் தோன்றிய செயன்முறை யாது?
(ii) அந்நீரின் இரு மூலங்களைத் தருக.
(iii) அவன் எடுக்கவேண்டிய இரு நடவடிக்கைகளைக் காரணத்துடன் தருக.

விடை: (i) ஒடுங்கல். (ii) மலர்த்தேனிலிருந்து ஆவியாகும் நீர், தேனீக்களின் சுவாசத்தில் உண்டாகும் நீர். (iii) மூடியின் மேல் உலர்ந்த சாக்கு இடல் – மூடியின் உட்பக்கம் குளிராதிருக்க. வலையிட்ட சிறு துளை அமைத்தல் – ஈரவளி வெளியேற.

காரணம் கேட்கும் வினாவில் நடவடிக்கையை மட்டும் எழுதினால் முழுப் புள்ளி கிடைக்காது. நாளைக் காலை உங்கள் வீட்டுத் தகரத்தை அண்ணாந்து பாருங்கள். அதில் துளி இருந்தால், இப்பாடத்தைப் புத்தகத்தைத் திறக்காமலே மீட்டிக்கொள்ளலாம்.