ஓர் இணைப்பு, பல இயங்குதளங்கள்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

முன்னுரை

அறிவியல் வளர வளர நம் வீட்டுக்குள் வரும் கருவிகளும் பெருகுகின்றன. ஒரு காலத்தில் வானொலிப் பெட்டி இருந்த வீடுதான் தெருவில் பெரிய வீடு. இன்றோ ஓட்டு வீடுகளிலும் கைப்பேசி இருக்கிறது. மேசை மேல் ஒரு மடிக்கணினியும் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான வீடுகளில் இணைய இணைப்பு மட்டும் ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றை வைத்தே அண்ணன் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டும். தங்கை பாடம் பார்க்க வேண்டும். அப்பா கூலிப் பணம் வங்கிக்கு வந்துவிட்டதா என்று அறிய வேண்டும்.

இக்கருவிகள் யாவும் ஒரே இனத்தவை அல்ல. ஒன்றில் விண்டோஸ், மற்றொன்றில் லினக்ஸ், கைப்பேசியில் ஆண்ட்ராய்டு. வெவ்வேறு இயங்குதளம் கொண்ட இவை ஓர் இணைப்பைப் பகிர்ந்துகொள்ள முடியுமா? முடியும். எவ்வாறு முடிகிறது, எங்கே தடைபடுகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இயங்குதளமும் பொதுமொழியும்

கணிப்பொறியின் நினைவகம், வட்டு, திரை, விசைப்பலகை ஆகியவற்றை ஆண்டு நடத்தும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம் ஆகும். ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் உள்ளே வழக்கங்கள் வேறு. விண்டோஸுக்காக எழுதிய நிரல் லினக்ஸில் அப்படியே ஓடாது. இதைக் கண்டவர்கள், இணையமும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிவிடுகின்றனர்.

ஆனால் இணையம் கணிப்பொறியின் உட்புற வழக்கத்தைக் கேட்பதில்லை. வெளியே வந்து பேசும்போது எந்த மொழியில் பேசுகிறது என்பதை மட்டுமே பார்க்கிறது. அந்தப் பொதுமொழிக்கு டி.சி.பி./ஐ.பி. நெறிமுறை என்று பெயர். வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் 1974ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதன் வித்து இருக்கிறது. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் 1983 ஜனவரி 1ஆம் நாள் இந்நெறிமுறைக்கு மாறியது. விண்டோஸின் முதல் பதிப்பு வெளிவந்தது 1985இல். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டது 1991இல். ஆக, இவ்விரண்டும் பிறக்கும் முன்பே பொதுமொழி நடைமுறைக்கு வந்துவிட்டது. பின்னால் வந்தவை அதைக் கற்றுக்கொண்டன.

முகவரிப் பஞ்சம்

இணையத்தில் பேசும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி எண் வேண்டும். நெடுங்காலமாக வழக்கிலுள்ள ஐ.பி. நான்காம் பதிப்பில் இந்த எண் 32 பிட் நீளம் உடையது. 2இன் 32ஆம் அடுக்கு 4,294,967,296. அதாவது சுமார் 429 கோடி. உலக மக்கள் தொகையோ 800 கோடியைத் தாண்டிவிட்டது. வீட்டுக்கு நான்கு கருவி என்றால் இந்த எண்கள் எம்மூலைக்குப் போதும்? 128 பிட் நீளமுள்ள ஆறாம் பதிப்பு இதற்காகவே வகுக்கப்பட்டது. இன்று இரண்டும் அருகருகே வழங்குகின்றன.

இடைக்காலத்தில் இரண்டு உபாயங்கள் கைகொடுத்தன. முதலாவது, 192.168 எனத் தொடங்கும் எண்கள், 10 எனத் தொடங்கும் எண்கள் போன்ற சில தொகுதிகளை வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் புழங்குவதற்கென ஒதுக்கினர். இவற்றை எந்த வீட்டிலும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். இரண்டாவது, 1994இல் விளக்கப்பட்ட முகவரி மாற்றம் என்னும் முறை. சுருக்கமாக இதனை ‘நாட்’ என்பர். ஒரே இணைப்பைப் பலர் பகிர்வதன் உயிர்நாடி இதுவே.

விடுதிக் காவலரின் குறிப்பேடு

முகவரி மாற்றத்தை ஓர் உவமையால் விளக்கலாம். நம் கல்லூரி விடுதிக்குத் தெரு முகவரி ஒன்றுதான். உள்ளே அறைகள் பல. வெளியே போகும் கடிதங்கள் எல்லாம் காவலர் கையைக் கடந்துதான் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 7ஆம் அறை மாணவர் ஒரு கடிதம் தருகிறார். காவலர் அனுப்புநர் இடத்தில் அறை எண்ணை அடித்துவிட்டு, விடுதி முகவரியையும் 41 என்ற ஒரு வரிசை எண்ணையும் எழுதுகிறார். தம் குறிப்பேட்டில் ‘41 என்றால் 7ஆம் அறை’ என்று பதிந்துகொள்கிறார். பதில் கடிதம் விடுதி முகவரிக்கு 41 என்ற எண்ணோடு வருகிறது. காவலர் குறிப்பேட்டைப் புரட்டி 7ஆம் அறையில் சேர்க்கிறார்.

நம் வீட்டு ரவுட்டர் செய்வதும் இதுவேதான். அது எழுதும் வரிசை எண்ணுக்குப் போர்ட் எண் என்று பெயர். இது 16 பிட் எண் என்பதால் 65,536 எண்கள் உண்டு. ஒரு வினாடியில் ஆயிரக்கணக்கான பொட்டலங்களுக்கு அது முகவரி மாற்றி எழுதுகிறது.

இவ்வுவமையிலிருந்து மூன்று உண்மைகள் விளங்கும். காவலர் கடிதத்தின் உறையைத்தான் பார்க்கிறார். எழுதியவர் எந்த ஊர், எந்த வகுப்பு என்று கேட்பதில்லை. அதுபோல ரவுட்டருக்கும் விண்டோஸ், லினக்ஸ் என்ற வேற்றுமை இல்லை. இரண்டாவது, யாரும் கேட்காமல் வெளியிலிருந்து தானாக வரும் கடிதத்துக்குக் குறிப்பேட்டில் பதிவு இராது. ஆகவே அது உள்ளே போவதில்லை. மூன்றாவது, வெளியுலகுக்குத் தெரிவது விடுதி முகவரி ஒன்றே. உள்ளே யார் எழுதினாலும் பெயர் விடுதிக்குத்தான். நம் கடவுச்சொல்லை அயலாருக்குத் தரும் முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பகிரும் வழிகள் மூன்று

முதல் வழி, ரவுட்டர். கம்பி வழியாகவோ கண்ணாடி இழை வழியாகவோ வரும் இணைப்பை வாங்கி, வைஃபை மூலம் எல்லாக் கருவிகளுக்கும் தருகிறது. ஒவ்வொரு கருவிக்கும் ஓர் உள்முகவரியைத் தானே வழங்குகிறது. நாம் கடவுச்சொல்லைத் தட்டினால் போதும்.

இரண்டாம் வழி, கைப்பேசி. ஹாட்ஸ்பாட்டை இயக்கியதும் கைப்பேசியே ஒரு சிறு ரவுட்டர் ஆகிவிடுகிறது. வைஃபை இல்லாத பழைய மேசைக் கணிப்பொறிக்கு யு.எஸ்.பி. கம்பி வழியாகவும் இணைப்புத் தரலாம். கைப்பேசிக்கு மின்னேற்றமும் ஆகும்.

மூன்றாம் வழி, ஒரு கணிப்பொறியையே காவலர் ஆக்குவது. 1999இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலேயே இவ்வசதி வந்துவிட்டது. லினக்ஸில் பிணைய அமைப்புப் பகுதியில் ‘பிற கணிப்பொறிகளுடன் பகிர்’ என்ற தேர்வு இருக்கிறது. உங்கள் கருவிக்குக் கிடைத்த முகவரி 192.168.137 எனத் தொடங்கினால் பகிர்வது பெரும்பாலும் விண்டோஸ், 10.42.0 எனத் தொடங்கினால் பெரும்பாலும் லினக்ஸ். 169.254 எனத் தொடங்கினால் எவரும் முகவரி தரவில்லை என்பதே பொருள். கம்பியையோ கடவுச்சொல்லையோ சரிபார்க்க வேண்டும்.

ஒரு தவறான எண்ணம்

தமிழக அரசு 2011ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளமும் இருந்தது. இது நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. எங்கள் வீட்டில் பட்டப்படிப்புக்கு வந்த முதல் ஆள் நான். அக்கா மேல்நிலைப் பள்ளியில் பெற்ற மடிக்கணினியே எனக்கும் தங்கைக்கும் துணை. சில காலமாக அதன் லினக்ஸில் இணையப் பக்கங்கள் திறக்கவில்லை. பழுதுபார்க்கும் கடையில், “லினக்ஸில் நெட் வராது தம்பி, அதை அழித்துவிடலாம், ஆயிரம் ரூபாய் ஆகும்” என்றார்கள். ஆயிரம் ரூபாய் என்பது எங்கள் அம்மாவுக்கு இரண்டு நாள் கூலிக்கும் மேல்.

வீட்டில் நான் படிப்படியாகச் சோதித்தேன். கைப்பேசி முகவரி தந்திருந்தது. வெளியுலகிலுள்ள ஒரு கணிப்பொறியைப் ‘பிங்’ கட்டளையால் அழைத்தால் பதிலும் வந்தது. அப்படியானால் இணைப்பில் குறையில்லை. பிறகு திரையின் மூலையிலிருந்த தேதியைப் பார்த்தேன். பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்தது. கடிகாரத்தைக் காக்கும் சிறு மின்கலம் தீர்ந்திருந்தது. பாதுகாப்பான இணையப் பக்கங்கள் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழைக் காட்டுகின்றன. அதற்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. நம் கணினியின் தேதி அவ்வெல்லைக்கு வெளியே இருந்தால் உலாவி அப்பக்கத்தை நம்ப மறுக்கும். தேதியைத் திருத்தியதும் பக்கங்கள் திறந்தன. செலவு ஒரு காசும் இல்லை. விண்டோஸிலும் தேதி பிசகினால் இதே கதைதான். குற்றம் இயங்குதளத்தினுடையது அன்று.

வேகமும் அளவும்

பகிர்ந்தால் இணைப்பு பெருகாது, பங்குதான் ஆகும். இங்கே ஒரு சிறு கணக்கு. வேகத்தைப் பிட்டிலும் கோப்பின் அளவைப் பைட்டிலும் குறிப்பர். 8 பிட் ஒரு பைட். ஆகவே வினாடிக்கு 20 மெகாபிட் வேகம் என்பது 2.5 மெகாபைட். நாளொன்றுக்கு 1.5 ஜிகாபைட், அதாவது சுமார் 1,500 மெகாபைட் தரும் கைப்பேசித் திட்டம் முழு வேகத்தில் 600 வினாடிகளில் தீர்ந்துவிடும். பத்தே நிமிடம்!

விண்டோஸ் தன் புதுப்பிப்புகளைப் பின்னணியில் தானே இறக்கிக்கொள்ளும் இயல்புடையது. கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டையும் அது சாதாரண வைஃபையாகக் கருதிவிடக்கூடும். அன்றாட அளவு காலையிலேயே தீர்ந்து, மாலையில் தங்கையின் பாடம் நின்றுபோவது இதனால்தான். அவ்விணைப்பின் அமைப்பில் ‘அளவுக்குட்பட்ட இணைப்பு’ என்ற தேர்வை இயக்கிவிட்டால் பெரும்பாலான புதுப்பிப்புகள் காத்திருக்கும்.

கோப்புப் பகிர்வு வேறு

இணைப்பைப் பகிர்வதும் கோப்புகளைப் பகிர்வதும் ஒன்றல்ல. விண்டோஸ் கணினியின் கோப்புறையை லினக்ஸ் கணினி திறக்க இன்னொரு நெறிமுறை தேவை. ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்பவர், கணிப்பொறிகளுக்கு இடையே செல்லும் பொட்டலங்களைக் கூர்ந்து நோக்கி அந்நெறிமுறையைக் கண்டறிந்து நிரல் எழுதினார். 1992இல் வெளிவந்த அம்முயற்சியே பின்னர் ‘சாம்பா’ என்று பெயர் பெற்றது. வேறுபட்டவை ஒன்றோடொன்று பேச, பொதுமொழியை ஒருவர் கற்றால் போதும் என்பதற்கு இதுவும் சான்று.

முடிவுரை

வீட்டு இணைப்பில் தடை நேர்ந்தால், முகவரி கிடைத்ததா, வெளியிலிருந்து பதில் வருகிறதா, தேதி சரியா, அன்றைய அளவு மீதம் உண்டா என்று இந்த வரிசையில் பாருங்கள். பெரும்பாலான தடைகள் இந்நான்கில் ஒன்றில் அகப்படும். ஆய்வகத்தில் மின்சுற்று இயங்காதபோது நாம் ஒவ்வோர் இணைப்பாகச் சோதிப்பதில்லையா? அதே முறைதான் இது.

நம் கல்லூரியில் பயில்வோரில் பலர் முதல் தலைமுறையினர். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. ஆதலால் யார் எதைச் சொன்னாலும் பணம் கட்டும் நிலை. அறியாமைக்கு நாம் செலுத்தும் இவ்வரி கொஞ்சமன்று. படித்ததைத் தெருவிலுள்ள நான்கு வீடுகளுக்குச் சொல்வோம். மூலையில் தூசு படிந்து கிடக்கும் எத்தனையோ மடிக்கணினிகள் மீண்டும் படிப்புக்கு உதவும்.