வழியோரக் கல்லும் தொழிலாளர் நினைவும்

போரில் மாய்ந்த வீரனுக்குப் பண்டைத் தமிழர் வழியருகே கல் நட்டு, அவன் பெயரையும் செயலையும் அதிற் பொறித்தனர் என்பது தமிழ் கற்பார் யாவரும் அறிந்ததே. கல்லைத் தேர்தல் முதலாக அதற்குரிய துறைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. அரசர்க்கன்றி, ஊர் ஆநிரையை மீட்கச் சென்று மாண்ட எளியவனுக்கும் அச்சிறப்பு உரியதாயிற்று. இக்காலத்தில் அத்தகைய கல்லுக்கு உரியார் யாவர் என ஆராய்வதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

இலண்டன் மாநகரின் கீழ்ப்பகுதியில் பிரையண்ட்–மே கம்பெனியாரின் தீப்பெட்டித் தொழிற்சாலை இருந்தது. 1888 ஜூலையில் அங்கு வேலை செய்த ஏறக்குறைய 1,400 பெண்களும் சிறுமியரும் வேலையை நிறுத்தி வெளியேறினர். கூலியோ சிறிது, அபராதமோ பெரிது. அவற்றினுங் கொடியது வெள்ளைப் பாஸ்வரம். அதன் ஆவி தாடையெலும்பை அரித்து உயிரையும் போக்கும். உண்பதற்குத் தனியிடமின்றி, வேலை செய்யும் அறையிலேயே அவர்கள் உண்டனர். பின்னாளில் சென்னை அடையாற்றில் வாழ்ந்த அன்னி பெசண்ட் அம்மையார் இக்குறைகளைப் பத்திரிகையில் வெளியிட்டார். அக்கட்டுரையை மறுத்துக் கையொப்பமிடுமாறு மேலாளர் வற்புறுத்தியும் அப்பெண்கள் இணங்கவில்லை. அம்மாதத்திற்குள்ளேயே அபராதம் ஒழிந்தது. உண்பதற்குத் தனியறை அளிக்க நிர்வாகத்தார் இசைந்தனர்.

அப்போராட்டத்தை முன்னின்று நடத்தினோருள் ஒருவர் சாரா சாப்மன் என்னும் தொழிலாளி. அவர் 1945-இல் இறந்தபோது, பெயர் பொறிக்கப்படாத குழியொன்றில் பிறர் ஐவரோடு அடக்கஞ் செய்யப்பெற்றார். அப்போராட்டத்தைக் குறிக்கும் நீலநிற நினைவுப்பலகை அத்தொழிற்சாலைக் கட்டடத்தில் பதிக்கப்பெற்றது 2022-இலேயாம். இடையிற் கழிந்தவை 134 ஆண்டுகள்!

நிற்க, இதற்கும் நம் சிவகாசிக்கும் தொடர்பு யாது? வெள்ளைப் பாஸ்வரத் தீக்குச்சியை விலக்கும் உடன்படிக்கை 1906-இல் பெர்ன் நகரில் உண்டாயிற்று. இந்தியாவில் 1913-இல் அதற்கெனச் சட்டம் பிறந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவிற்குச் சென்று தொழில் கற்றுத் திரும்பிச் சிவகாசியிற் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியது 1923-இல். ஆதலின், குச்சி அடுக்கியும் பெட்டி ஒட்டியும் பிழைத்த நம் பெண்டிர் அக்கொடிய நோய்க்கு இரையாகவில்லை. முன்னோர் பட்ட துன்பம் பின்னோர்க்குக் காவலாயிற்று.

ஆயினும் தீயின் இயல்பு மாறுமோ? 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியிற் பட்டாசுத் தொழிற்சாலையொன்று வெடித்து ஏறக்குறைய 40 பேர் மாண்டனர். அவருட் பலர் அங்கு வேலை செய்தவரல்லர், விபத்தறிந்து ஓடிவந்தவர். ஆநிரை மீட்கச் சென்று மாண்டவனுக்குக் கல் உரியதாயின், பிறருயிர் மீட்கச் சென்று மாண்டவர்க்கு அஃது உரியதன்றோ?

சென்னைக் கடற்கரையில், தேவிபிரசாத் ராய் சௌதுரி வார்த்தமைத்த உழைப்பாளர் சிலை 1959 முதல் நிற்கின்றது. பாறையைப் பெயர்க்கும் அந்நால்வர்க்கும் பெயரில்லை. உழைப்பின் பொதுப்பெருமையை அஃது உணர்த்தும். வழியோரக் கல்லின் பணி வேறு. அஃது இன்னார், இன்ன ஊரினர், இன்ன தொழிலினர் என்று கூறவேண்டும். இறந்தோர் தொகையை உலகம் விரைவில் மறக்கும். பெயரைப் படிப்பவனோ சிறிது நின்று எண்ணுவான்.

இத்தகைய கல் ஊருக்கு இழுக்கென்பார் சிலர். நடுகல் நின்ற ஊரைத் தோற்ற ஊரென்று எவரும் இகழ்ந்திலர். மேலும், மருந்துக் கலவை உராய்ந்ததோ, ஓரறையில் அளவுக்கு மிஞ்சியவர் இருந்தனரோ, விபத்தின் காரணத்தையும் அக்கல்லிற் பொறித்தல் வேண்டும். அப்போது அது மாண்டவர்க்குப் புகழும், நாளை அவ்வழியே வேலைக்குச் செல்வோர்க்கு எச்சரிக்கையும் ஆகும்.

கல் நடுதற்குப் பொருள் வேண்டும். பெயர் திரட்டுதற்கோ ஆர்வமே போதும். விடுமுறையில் தத்தம் ஊர் செல்லும் மாணவர், தீப்பெட்டி ஆபீசிலும் பட்டாசுச் சாலையிலும் உழைத்த முதியோரை அணுகி, உடனுழைத்து மறைந்தோர் பெயர்களைக் கேட்டு எழுதிவைப்பாராக. நட வேண்டிய கல்லின் முதல் வரி அதுவே.