ஜனங்கள் குடியேறும் இடமும் நீர்நிலையும்

புதுக்கோட்டைச் சீமையில் ஜீவநதி ஒன்றும் இல்லை. வெள்ளாறு, பாம்பாறு, அம்புலியாறு, அக்கினியாறு எனப் பெயர்கள் பல உண்டு. ஆயினும் இவை யாவும் மழை பெய்யுங்கால் சில தினங்கள் பெருகியோடி, ஏனைய நாட்களில் மணற்பரப்பாகக் கிடப்பவையே. வடக்கே அடுத்துள்ள தஞ்சை ஜில்லாவில் 2011-ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்படி ஒரு சதுரக் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 700 பேர் வசித்தனர். புதுக்கோட்டையிலோ அதே அளவு நிலத்தில் 348 பேரே வசித்தனர். இரண்டு ஜில்லாக்களுக்கும் இடையே மலையில்லை, கடலில்லை, பாஷை வேற்றுமையும் இல்லை. ஒரு புறத்தில் காவிரியின் வாய்க்கால்கள் பாய்கின்றன. மறு புறத்தில் பாயவில்லை. ஜனத்தொகை பாதியாகக் குறைந்து நிற்பதற்கு இதுவே முதற்காரணம்.

பெரிய தேசங்களை எடுத்துக்கொண்டாலும் விஷயம் இதுவேயாம். சீனதேசத்தின் பூகோள ஆசிரியரான ஹு ஹுவான்யோங் என்பவர் 1935-ஆம் வருஷத்தில் தம் நாட்டுப் படத்தில் வடகிழக்கு எல்லையிலிருந்து தென்மேற்கு எல்லை வரை ஒரு சாய்கோடு வரைந்தார். கோட்டிற்குத் தென்கிழக்கே தேசத்தின் விஸ்தீரணத்தில் நூற்றுக்கு 36 பங்கும், ஜனங்களில் நூற்றுக்கு 96 பங்கும் இருப்பதாக அவர் அக்காலத்துக் கணக்கைக்கொண்டு காட்டினார். அக்கோடு ஏறக்குறைய 16 அங்குல மழை பெய்யும் எல்லையை ஒட்டிச் செல்வது. கானடாவில் குளிர் காரணமாக ஜனங்களில் மிகப் பெரும்பாலோர் தெற்கு எல்லையை அடுத்த ஒரு குறுகிய பட்டையிலேயே வசிக்கின்றனர். நமது தேசத்திலும் 2011-ஆம் வருஷத்தில் கங்கைச் சமவெளியிலுள்ள பீகாரில் சதுரக் கிலோமீட்டருக்கு 1,106 பேர். தார்ப் பாலைவனத்து ஜைசல்மீர் ஜில்லாவில் 17 பேர்.

குடியானவர்களுக்கு மிகவும் பயன்படக்கூடிய உதாரணம் தென் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. 1864-65-இல் அங்கே கடும் பஞ்சம் நேர்ந்தபோது, நில அளவை அதிகாரியாகிய ஜார்ஜ் காய்டர் குதிரைமேல் ஏறி நெடுந்தூரம் சென்று, எந்த இடம் வரையில் செடிகொடிகள் பிழைத்தன, எந்த இடத்திலிருந்து கருகின என்பதை நேரிற் கண்டு, 1865-இல் ஒரு கோடு குறித்தார். கோட்டிற்கு வடக்கே கோதுமை பயிரிடலாகாது, ஆடு மாடு மேய்க்கவே அந்நிலம் தகும் என்பது அவர் கூறிய முடிவு. சில வருஷங்கள் கழித்து நல்ல மழை தொடர்ந்து பெய்யவே, ஜனங்கள் அவரை ஏளனம் செய்து, கோட்டைத் தாண்டிச் சென்று, கல்வீடுகள் கட்டிக் கோதுமை விதைத்தனர். ஏர் பூட்டிய இடத்துக்கு மழையும் பின்தொடர்ந்து வரும் என்றுகூட அந்நாட்களில் நம்பப்பட்டது! பின்னர் 1880-களில் வறட்சி திரும்பிற்று. கைவிடப்பட்ட அவ்வீடுகளின் சுவர்களை இன்றும் காணலாம். நாலு நல்ல வருஷத்தைக் கண்டு குடியேறுதலும், ஐந்தாம் வருஷத்தில் குடிபெயர்தலும் எந்நாட்டிலும் நிகழக்கூடியனவே.

இனி நமது சீமைக்கு வருவோம். இங்கே வருஷத்துக்கு உத்தேசமாக 36 அங்குல மழை பெய்கிறது. லண்டன் நகரத்தில் பெய்வது சுமார் 24 அங்குலமே. அங்ஙனமாயின் லண்டனைச் சுற்றிப் புல் பசுமையாயிருக்க, நமது பொட்டல்கள் சிவந்து கிடப்பானேன் என்று கேட்கலாம். அவ்விடத்து மழை பன்னிரண்டு மாதங்களிலும் சிறு தூற்றலாகப் பங்கிட்டுப் பெய்வது, வெயிலும் இலேசானது. நமது மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், அதுவும் சில தினங்களில், புயற்காற்றோடு கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அன்றியும், கோடையில் திறந்த நீர்ப்பரப்பினின்று நாளொன்றுக்குக் கால் அங்குலமும் அதற்கு மேலும் ஆவியாகிப் போகிறது. மூன்று மாதங்களில் ஏறக்குறைய இரண்டு அடி ஆழமுள்ள தண்ணீரைச் சூரியனே குடித்துவிடுகிறான் என்று கணக்கிட்டுக்கொள்க. ஆகவே, எத்தனை அங்குலம் பெய்தது என்பதைக் காட்டிலும், பெய்ததில் எவ்வளவு தங்கிற்று என்பதே ஓர் ஊர் நிலைத்திருப்பதற்கும் கலைந்துபோவதற்கும் காரணமாகிறது.

ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குல மழை பெய்தால் அது ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று மேற்பட்ட நீராகும். இந்நீரைத் தடுத்து நிறுத்தும் பொருட்டே நம் முன்னோர்கள் இச்சீமையில் கண்மாய்களும் குளங்களுமாக 5,000-க்கு மேற்பட்ட நீர்நிலைகளை அமைத்தனர். நிலம் வடமேற்கினின்று தென்கிழக்காகக் கடலை நோக்கி மெல்லச் சரிந்து செல்கிறது. அச்சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவாகக் கரை போட்டு, மேல்புறத்து ஓட்டத்தை வரத்துக்கால் வழியாகக் கொணர்ந்து, நிரம்பிய பின் மிஞ்சியதைக் கலிங்கு வழியாக அடுத்த கண்மாய்க்கு விடுவதே முறை. மேலைக் கண்மாயின் கழிவு கீழைக் கண்மாயின் வரவு. இவ்வாறு சங்கிலித் தொடராக அமைந்த கண்மாய்களில், ஒன்றன் வரத்து அடைபட்டால் அதற்குக் கீழுள்ளவை யாவும் வறண்டுபோம்.

ஊர்களின் அமைப்பும் இதனோடு ஒட்டியதே. குளத்தூர், இலுப்பூர், விராலிமலைப் பக்கங்களில் எந்தப் பழைய கிராமத்துக்குச் சென்றாலும், கண்மாய்க் கரைக்கு அருகே மேடான இடத்தில் வீடுகள் நெருங்கியிருப்பதையும், கரைக்குக் கீழே நஞ்சை இருப்பதையும், குடிநீருக்கென்று ஊருணி ஒன்று தனியே காக்கப்படுவதையும் காணலாம். நஞ்சைக்கு அப்பால் புஞ்சை. அதற்கும் அப்பால் மேய்ச்சற் பொட்டல். ஊர்ப் பெயர்களைக் கவனித்தாலும் குளம், ஏந்தல், ஊருணி என்று முடிவன அடிக்கடி வருகின்றன. இப்பக்கத்தில் பூமிக்கடியில் இருப்பது கடும்பாறை. கிணறு வெட்டினால் எல்லா இடத்திலும் ஊற்று அகப்படுவதில்லை. ஆதலின், தனித்து வீடு கட்டிக்கொண்டு வாழ முடியாமல், ஒரு நீர்நிலையைச் சுற்றி ஜனங்கள் கூடி வாழ நேர்ந்தது.

இந்த ஏற்பாடு மிகப் பழையது. சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளத்தில் கல்லிற் செதுக்கிய படுக்கைகளும் தமிழ்ப் பிராமி எழுத்தும் இருப்பதனால், கிறிஸ்து சகாப்தத்தை ஒட்டிய காலத்திலேயே சுற்றுப்புறத்தில் ஜனங்கள் நிலையாக வசித்தனர் எனத் தெரிகிறது. இருக்குவேளிர் தலைநகரான கொடும்பாளூர் இச்சீமையில் உள்ளதே. வெள்ளாறு நீரற்ற ஆறாயினும், சோழநாட்டுக்கும் பாண்டிநாட்டுக்கும் அதுவே எல்லையாகக் கொள்ளப்பட்டது. அதற்கு வடபால் கோனாடு எனவும் தென்பால் கானாடு எனவும் வழங்கின. பழைய கண்மாய்களின் நடுவே நிற்கும் குமிழித் தூம்புகளின் கல்தூண்களில், தூம்பை அமைத்துக் கொடுத்தவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருப்பதைப் பல இடங்களிற் காணலாம். கோயில் கட்டுதலுக்குச் சமமான புண்ணியமாக மடை கட்டுதலையும் அவர்கள் கருதினர்போலும்.

கண்மாய்கள் காத்தும் போதாத காலங்கள் உண்டு. சமஸ்தானத்தின் ஜனக்கணக்கு இதற்குச் சாட்சியாகும். 1871-இல் 3,16,000-க்கு மேலிருந்த ஜனத்தொகை, 1876-78-ஆம் வருஷங்களின் பெரும் பஞ்சத்துக்குப் பின், 1881-இல் 3,02,000-ஆகக் குறைந்தது. அடுத்த பத்து வருஷங்களில் 3,73,000-ஆக உயர்ந்தது. மறுபடியும் 1921-இல் 4,26,000-ஆக இருந்தது 1931-இல் ஏறக்குறைய 4,00,000-ஆக இறங்கிற்று. பிறப்பு இறப்புக்களை மட்டும் கொண்டு இவ்வேற்றத்தாழ்வை விளக்கிவிட முடியாது. மழை பொய்த்த வருஷங்களில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும், பர்மா, மலாய் நாடுகளுக்கும் குடும்பங்கள் போயின. போனவர்களில் பலர் திரும்பவில்லை. 1964-ஆம் வருஷத்து இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்பேரில் தாயகம் அனுப்பப்பட்டவர்களிற் சிலர், பாட்டனார் விட்டுச்சென்ற ஊரைத் தேடி இச்சீமைக்கு வந்தனர். கண்மாயில் நீர் இருந்ததா என்பது எந்த ஊரிலும் மூன்று தலைமுறையைத் தொடரும் கேள்வியாகும்.

பஞ்சம் தீர்ந்த 1878-இல் திவானாக வந்த சேஷையா சாஸ்திரியார் நகரத்துப் பல்லவன் குளத்தையும் புதுக்குளத்தையும் சீர்ப்படுத்தியது இச்சீமையோர் அறிந்ததே.

ஜில்லாவின் கீழ்ப்பகுதி வேறு விதமானது. ஆலங்குடி, கறம்பக்குடி, கீரமங்கலம், வடகாடு ஆகிய பக்கங்களில் மேலே செம்மண்ணும் செம்புறைக்கல்லும், அடியில் நீரைத் தாங்கும் மணற்கல் படிவுகளும் இருக்கின்றன. இங்கே ஆழ்துளைக் கிணறுகள் நன்கு சுரந்தமையால், நீர் கண்மாயில் மட்டுமன்றித் தோட்டந்தோறும் கிடைத்தது. உடனே குடியிருப்பின் அமைப்பும் மாறிற்று. மேற்கே கூடி நிற்கும் வீடுகள், இங்கே தென்னை, பலா, வாழை, பூந்தோட்டங்களின் நடுவே ஒன்றுக்கொன்று விலகி நிற்கின்றன. நடப்பவனுக்கு ஓர் ஊர் எங்கே முடிந்து மற்றோர் ஊர் எங்கே தொடங்குகிறது என்பது எளிதில் புலப்படாது. ஒரே ஜில்லாவில், ஒரே மழையில், பூமிக்கடியிலுள்ள கல் வேறுபட்டமையால் வாழும் முறையே வேறுபட்டுவிட்டது.

அறந்தாங்கி, ஆவுடையார்கோயில் பக்கங்களோ மூன்றாவது வகை. மேட்டூர் அணையை ஒட்டி 1934-இல் திறக்கப்பட்ட கல்லணைக் கால்வாய் அவ்வழியே சென்று, பழைய ஏரிகளுக்கு நீர் ஊட்டலாயிற்று. அக்காலத்தில் அறந்தாங்கி தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்தது; 1974-இல் புதுக்கோட்டை ஜில்லா அமைந்தபோது இதனுடன் இணைக்கப்பட்டது. கடைமடையாதலால் காவிரி குறைந்த வருஷங்களில் முதலில் வாடுவதும் இவ்விடமே. கடலோரத்துக் கோட்டைப்பட்டினம், ஜகதாப்பட்டினம் முதலிய ஊர்கள் மீன்பிடியை நம்பியவை; அவற்றைக் குறித்து இங்கே விரித்துரைக்கவில்லை.

ஆழ்துளைக் கிணறு நமக்குப் பெரும் உபகாரம் செய்தது உண்மை. எனினும் காய்டர் கோட்டைத் தாண்டியவர்களின் கதையை இவ்விடத்தில் நினைவுகூர வேண்டியிருக்கிறது. கண்மாய் தன் எல்லையைக் கண்ணெதிரே காட்டும். நீர் வற்றினால் சிறுவனும் அறிவான். பூமிக்கடியிலுள்ள நீரோ வற்றுவது தெரியாமல் வற்றும். 100 அடியில் கிடைத்தது 300 அடிக்கும், அப்பால் அதனினும் ஆழத்துக்கும் இறங்கும்போது, வசதியுள்ளவர் குழாயை இறக்குகிறார், வசதியற்றவர் நிலத்தை விட்டு நகரத்துக்கோ சிங்கப்பூருக்கோ போகிறார். குடிபெயர்தல் ஊர் முழுவதும் ஒரே வருஷத்தில் நிகழாமல் வீடு வீடாக நிகழ்வதால், அது பஞ்சமாக யாருக்கும் தோன்றுவதில்லை.

2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் ஆலங்குடி வட்டாரத்துத் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்துச் சென்றது. அதன் பின்னர், 2019-இல் கொத்தமங்கலத்து இளைஞர்கள் தம் ஊர்க் குளங்களைத் தாமே முயன்று தூர் எடுக்கலாயினர். ஆழ்குழாய்கள் நிறைந்த ஊரில் இருப்பவர்கள் குளத்தின் பக்கம் மறுபடி திரும்பியது கவனிக்கத்தக்கது. 2017 முதல் அரசாங்கம் குடிமராமத்து என்னும் பழைய பெயராலேயே கண்மாய்ப் பணிகளை நடத்தியதும் நேயர்கள் அறிந்ததே.

இவ்வேலையில் இறங்குவோர் கவனிக்க வேண்டியவை சில. கண்மாய்க்குள் மண் எடுக்குங்கால் கரையின் அடிப்புறத்தை ஒட்டி எடுத்தல் ஆகாது. கரை பலவீனப்பட்டுக் கார்த்திகை வெள்ளத்தில் உடையும். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்து நீர் வயலுக்குப் பாயாது. அது கால்நடைக்கும் சுற்றுக் கிணறுகளின் ஊற்றுக்கும் மட்டுமே உதவும். எடுத்த வண்டலைச் செம்மண் புஞ்சையில் பரப்பினால் ஈரம் தாங்கும் சக்தி கூடும். நிலக்கடலைக்கும் உளுந்துக்கும் இது நல்லது. வம்பனிலுள்ள தேசியப் பயறு ஆராய்ச்சி மையத்தாரின் வறட்சி தாங்கும் உளுந்து வகைகளைக் கண்மாய் நிரம்பாத வருஷத்தில் விதைப்பதும் விவேகமாகும். நெல்லைப் பிடிவாதமாக நட்டுக் கதிர் வரும் தருணத்தில் நீருக்கு அலைவதைவிட இது மேல்.

தூர் எடுத்தலைவிட முக்கியமானது வரத்துக்கால். கண்மாயை எவ்வளவு ஆழப்படுத்தினும், வரத்துக்காலை ஒருவர் உழுது சேர்த்துக்கொண்டாலும், அதன் குறுக்கே சாலை போட்டுக் குழாய் வைக்க மறந்தாலும், நீர்ப்பிடிப்புப் பொட்டலில் தைல மரம் அடர்ந்து வரப்புகள் ஓட்டத்தைத் தடுத்தாலும், பள்ளம் பள்ளமாகவே நிற்கும். அளவைப் புலப்படத்தில் ஒவ்வொரு வரத்துக்காலும் குறிக்கப்பட்டிருக்கிறது. அப்படத்தைக் கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துக்கொண்டு, ஆவணி மாதத்துக்குள் ஊரார் நால்வர் கால்வாயின் தலைப்பிலிருந்து கண்மாய் வாய் வரையில் ஒருமுறை நடந்து, அடைப்புள்ள இடங்களைக் குறித்துக்கொண்டால், ஐப்பசி முதல் மழைக்கு முன் அவற்றை நீக்க ஒரு மாதமாவது அவகாசம் இருக்கும். அந்நடையில் மேலை ஊராரையும் கீழை ஊராரையும் உடன் அழைத்துச் செல்வது நலம். கலிங்கின் மட்டத்தைப் பற்றிய வழக்குகளில் பாதி, நீர் வருமுன் நேரில் நின்று பார்த்தால் எழாமலே போகும்.